சேலத்தில் யாரிடமாவது ஆசிலோஸ்கோப் (மின்சிக்னல் நேரத்தோடு மாறுவதை வரைந்து காட்டும் கருவி) இருக்கிறதா?

வணக்கம். உளவியல் முதுகலை ப்ராஜெக்டுக்காக ஸ்ட்ரூப் சோதனை வைக்கப் போகிறேன். 'சிவப்பு' என்ற சொல் சில முறை சிவப்பிலேயே வரும், சில முறை பச்சை நிறத்தில் வரும். சொல்லைப் பார்க்காமல் எழுத்தின் நிறத்துக்கான பட்டனை அழுத்த வேண்டும்; அதற்கு ஆகும் நேரத்தைத்தான் அளக்கிறேன். சைக்கோபை என்ற உளவியல் சோதனை மென்பொருளில் எழுதியாகிவிட்டது. சிக்கல் என் பழைய லேப்டாப்தான். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமே 16.7 மில்லிசெகண்ட், கீபோர்டு வேறு தன் பங்குக்குத் தாமதிக்கும். தாமதம் ஒரே அளவாக இருந்தால் சரி, நிறம் பொருந்தாத நிலையின் நேரத்திலிருந்து பொருந்தும் நிலையின் நேரத்தைக் கழிக்கும்போது போய்விடும். கூடிக் குறைந்தால்தான் தலைவலி. நேற்று ஃபிரேம் இடைவெளியைப் பதிவு செய்தேன். நடுநடுவே 33 மில்லிசெகண்ட் எட்டிப் பார்க்கிறது, ஆன்டிவைரஸை நிறுத்தியும்! அதுவும் மென்பொருள் சொல்லும் கணக்குதான். திரை மூலையில் ஃபோட்டோடயோடு (வெளிச்சம் பட்டால் மின்சிக்னல் தரும் சிறு உணரி) ஒட்டி, அதை ஆசிலோஸ்கோப்பில் இணைத்து, வெளிச்சம் உண்மையில் எப்போது வருகிறது என்று அளக்க வேண்டும். அஸ்தம்பட்டி பக்கம் யாராவது ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? ஏற்காட்டில் இருந்தாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு மலையேறி வந்துவிடுகிறேன்.