புதுப்பிப்பு: ஃப்ளாங்கிங்கிற்கு +2 விதியில் ஒரு திருத்தம்

முந்தைய பதிவில் சொன்னது: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டின் 5ஆம் பதிப்பில் (2014) எதிரியை இருபுறமும் மடக்கினால் (ஃப்ளாங்கிங்) அட்வான்டேஜ் (20 முகப் பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது) தரும் விருப்ப விதியை விட்டுவிட்டு, தாக்குதல் உருட்டலுக்கு +2 கொடுங்கள். ஆடிப் பார்த்த பிறகும் அதில் மாற்றமில்லை. உதாரணத்துக்கு, கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் ஆர்மர் கிளாஸ் (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 15. தாக்குதலுக்கு +5 உள்ள வீரருக்குப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 55% வாய்ப்பு. +2 சேர்த்தால் 65%. அட்வான்டேஜ் என்றால் கிட்டத்தட்ட 80%! அதுவும் இலவசமாக. அப்புறம் பார்பேரியன் (ஆவேசமாக மோதும் வீரர் வகை) எதற்காகத் தன் தற்காப்பைப் பணயம் வைத்து, அதே அட்வான்டேஜைத் தரும் ரெக்லஸ் அட்டாக் செய்யப்போகிறார்?

ஆனால் +2 மட்டும் போதவில்லை. எல்லோரும் எதிரியைச் சுற்றி ஓடி எதிர்ப்பக்கம் போய் நிற்கிறார்கள். காரணம், 5ஆம் பதிப்பில் எதிரியின் எட்டும் தூரத்தை விட்டு வெளியேறினால்தான் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (நகர்பவர் மேல் எதிரி உடனே போடும் அடி). அதற்குள்ளேயே சுற்றி வந்தால் ஒன்றுமில்லை. 3ஆம் பதிப்பிலும் ஃப்ளாங்கிங்கிற்கு +2தான், ஆனால் அங்கே அப்படிச் சுற்றினால் பெரும்பாலும் அடி விழும்.

எனவே திருத்தம்: எதிரியின் எட்டும் தூரத்துக்குள் நகரும் ஒவ்வொரு 5 அடிக்கும் 10 அடி நகர்வு செலவு. ஒவ்வொரு நகர்வுக்கும் அடி கொடுக்கலாமே என்றால், பகடை உருட்டல் கூடி ஆட்டம் இழுத்துவிடும்.

அட்வான்டேஜ் போனால் ரோக் (மறைந்து தாக்கும் வீரர் வகை) தன் ஸ்னீக் அட்டாக்கை, அதாவது கூடுதல் சேதத்தை, இழப்பாரா என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம். இலக்கிலிருந்து 5 அடிக்குள் கூட்டாளி இருந்தாலே ஸ்னீக் அட்டாக் கிடைக்கும்.

ஓநாய்களுக்கு பேக் டாக்டிக்ஸ் (இலக்கின் அருகில் கூட்டாளி இருந்தால் அட்வான்டேஜ்) அப்படியே இருக்கட்டும், அதற்கு மேல் +2 வேண்டாம்.