ஜிஎல் 5 வேணாம் மாப்ள

[மாலை 5:42] மச்சான் உசிலம்பட்டி: மாமா, தேனி ரோட்டுக் கடையில நிக்கிறேன். ஆம்னி வேனுக்கு கியர் ஆயில். விடிகாலைல மாட்டுத்தாவணிக்குப் பூ ஏத்திக்கிட்டுக் கெளம்பயில செகண்ட் கியர் விழ மாட்டேங்குது, கர்ர்ங்குது. கடைக்காரரு கெட்டி 80 டபிள்யூ 90, ரகம் ஜிஎல் 5ன்னு குடுத்தாரு. ஜிஎல் 4ஐ விட அஞ்சு ஒசத்தியாம். காசும் குடுத்தாச்சு.

[5:44] சித்தப்பா திருநகர்: டப்பாவைத் திறந்துறாத மாப்ள. நின்ன எடத்துல ரிவர்ஸ் போட்டா சத்தம் வருதா?

[5:45] மச்சான் உசிலம்பட்டி: இல்ல மாமா, அது பாட்டுக்கு விழுது. செகண்ட் மட்டுந்தான். அதுவும் செக்கானூரணி தாண்டி வண்டி சூடானா சரியாயிருது.

[5:49] சித்தப்பா திருநகர்: அப்ப கோளாறு கிளட்ச்சுல இல்ல. கியர் மாத்தயில பல்லு வேகத்தைச் சமமாக்குற வளையம், சிங்க்ரோ ரிங்கு, ரிவர்ஸுக்குக் கெடையாது. கிளட்ச் சரியா விடலைன்னா மொதல்ல அதான் கத்தும். உனக்கு ஆயில் கெட்டுக் கெடக்கு, இல்ல ரிங்கு தேய ஆரம்பிச்சிருக்கு. ரிங்குன்னா எந்த ஆயில் ஊத்தியும் பிரயோசனமில்ல.

[5:50] தம்பி: ஜிஎல் 5 புதுசுதானே சித்தப்பா?

[5:56] சித்தப்பா திருநகர்: புதுசு பழசு கணக்கில்லய்யா, வேலை வேற. பின்சக்கரத்தைச் சுத்த விடுற கிரவுன்ல பல்லு மேல பல்லு வழுக்கி உரசும். அந்த அழுத்தத்தைத் தாங்க ஜிஎல் 5ல கந்தகம், பாஸ்பரஸ் மருந்து கூடப் போடுவான். ஜிஎல் 4ல ஏறக்குறைய பாதிதான். கியர்பாக்ஸ்ல இருக்கது பித்தளை ரிங்கு. சூடேறுனா மருந்து அதை அரிக்கலாம். அந்த ரிங்கு உரசிப் பிடிச்சாத்தான் பல்லு ரெண்டும் ஒரே வேகத்துக்கு வரும். வழுவழுன்னு ஊத்துனா எங்கிட்டுப் பிடிக்கும்?

[5:57] தம்பி: எஞ்சினுக்கு 40, இதுக்கு 90. ரெண்டு மடங்கு கெட்டியா?

[5:58] சித்தப்பா திருநகர்: அளவுகோலே வேறப்பா. இந்த 80 டபிள்யூ 90யும் 40 எஞ்சின் ஆயிலும் கெட்டியில கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

[5:59] மச்சான் உசிலம்பட்டி: அப்ப காசு போச்சா மாமா 😔

[6:00] சித்தப்பா திருநகர்: வண்டி புக்குல ஆயில் பக்கத்தை எடுத்துப் போடு.

[6:04] மச்சான் உசிலம்பட்டி: 📷 படம்

[6:06] சித்தப்பா திருநகர்: பாத்தியா. கியர்பாக்ஸுக்கு ஜிஎல் 4, பின்னாடி கிரவுனுக்கு ஜிஎல் 5. ஆம்னியில ரெண்டும் தனித்தனி. வாங்குனது கிரவுனுக்கு ஆச்சு, அதையும் நீ தொட்டு வருசக்கணக்காச்சு. கியர்பாக்ஸுக்கு 4 வாங்கிக்க.

[6:09] சித்தப்பா திருநகர்: இன்னொண்ணு. ஊத்துற போல்ட்டு கழலுதான்னு மொதல்ல பாரு, பெறகு கீழ வடிய விடு. நான் ஒருக்கா ஜம்பமா வடிச்சு விட்டுட்டேன், மேல் போல்ட்டு தலை உருண்டு போச்சு. சொட்டு ஆயில் இல்லாம வண்டி நாலு நாள் வாசல்ல. கோலம் போட எடமில்லன்னு உங்க அத்தை ஏசுனது தனிக்கதை.

[6:10] தம்பி: 😂😂

[6:15] அக்கா: சித்தப்பா, அந்த டப்பாவைப் பூ மூட்டை கிட்ட வைக்க வேணாம்னு உங்க மாப்பிள்ளைட்ட சொல்லுங்க. போன தடவை மூடி கசிஞ்சு மல்லியெல்லாம் கூமுட்டை நாத்தம். மோந்து பாத்துட்டு வெலையக் கொறச்சுட்டாங்க.

[6:16] சித்தப்பா திருநகர்: கந்தக நாத்தம்மா அது. லேசுல போகாது.

[6:17] மச்சான் உசிலம்பட்டி: சரி சரி, மடியில வச்சுக் கொண்டாறேன்.

[6:17] அக்கா: அந்த வேட்டிய நான் துவைக்க மாட்டேன்.