புதுப்பிப்பு: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீட்டு விடுதி

உயரமான படிகளும் மேடான திண்ணையும் உள்ள பழைய வீட்டில் அம்மாவால் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டோம், நன்றாகவே இருந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது பின்வாசல் யோசனைதான். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என நீள்பவை. முன்பதிவு இணையதளத்தை விட்டுவிட்டு விடுதிக்கே போன் செய்து, காரைப் பின்தெருவுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். சம்மதித்தார்கள். அங்கே இரண்டே படிகள். இரண்டாங்கட்டை, அதாவது வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியை, ஒட்டிய கீழ்த்தள அறையும் கிடைத்தது. லிஃப்ட் உள்ள வேறு விடுதி பார்க்கச் சொன்னவர்களின் அக்கறை புரிகிறது, ஆனால் அம்மா ஆசைப்பட்டது முற்றமும் சுற்றுத் தாழ்வாரமுமான அந்த வளவில் உட்கார்ந்திருக்கத்தான்.

எதிர்பாராதது ஆத்தங்குடி தரை, அதாவது பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமென்ட் டைல்ஸ் பதித்த தரை. மாலையில் மழை பெய்ததும் முற்றத்துச் சாரல் தாழ்வாரம் வரை வந்தது. ஈரம் பட்டால் அந்தத் தரை நன்றாக வழுக்குகிறது. கேட்டதும் கயிற்று மிதியடிகள் போட்டுத் தந்தார்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் வந்து இறங்கியவுடனே கேட்டு வாங்கிவிடுங்கள். அறைக்கதவின் நிலைப்படியும் உயரம். இரவில் அங்கே ஒரு விளக்கு எரியட்டும்.

செலவைப் பற்றிக் கேட்டவருக்கு: அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.