பிள்ளைகளுக்குப் பெரிய தொகை கொடுக்கும் முன் ஆலோசகரைப் பார்க்கணுமா?

கேட்டவர்: நிழல்மரம்
ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பாதியை மகளுக்கும் மகனுக்கும் இப்போதே கொடுத்துவிடலாம் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம். மகள் வீடு வாங்கப் பார்க்கிறாள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். எங்கள் காலத்துக்குப் பிறகு கிடைப்பதைவிட இப்போது கிடைத்தால்தானே அவர்களுக்கு உதவும்? பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க எதற்கு வெளியாளுக்கு ஃபீஸ் என்கிறாள் மனைவி. எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை.

பதில்: கணக்குப்பிள்ளை
சார், மகன் எந்த நாட்டில் என்று சொல்லவில்லையே, அதை வைத்துத்தான் எல்லாம். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்தால் இந்தியாவில் எவ்வளவு தொகையானாலும் வாங்குகிறவருக்கு வரி கிடையாது, ஆனால் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே நாளில் ரொக்கமாக ஒருவரிடம் வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட முடியும். அதனால் வங்கி வழியாகவே கொடுங்கள். பிரிட்டனில் இருப்பவர் கொடுத்துவிட்டு 7 வருடத்துக்குள் இறந்தால் அது வாரிசு வரிக் கணக்கில் சேரலாம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு வெளிநாட்டுப் பெற்றோரிடமிருந்து ஒரு வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் வந்தால் வரி இல்லை, ஆனாலும் 3520 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும், விட்டுவிட்டால் தொகையில் 25 சதவீதம் வரை அபராதம் போகலாம். இரண்டு நாடு சம்பந்தப்பட்டால் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பதில்: தென்றல்
வரி இருக்கட்டும், எனக்கு அதைவிடப் பெரிய கவலை உங்கள் இருவரைப் பற்றித்தான். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. சட்டப்படி முடிந்தாலும் மனசு வராது. உங்களில் ஒருவர் 95 வயது வரை இருந்தால், நடுவில் நீண்ட நாள் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தால், விலைவாசி ஏறிக்கொண்டே போனால், மீதிப் பாதி தாங்குமா? நல்ல ஆலோசகர் இதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவார். அதற்காகவே போகலாம். கமிஷனுக்குத் திட்டம் விற்பவராக இல்லாமல், ஃபீஸ் மட்டும் வாங்குபவராகப் பாருங்கள்.

பதில்: நிழல்மரம்
உண்மையில் அந்தக் கணக்கை நாங்கள் இன்னும் போடவில்லை. மகளிடம், முடிந்தபோது திருப்பிக் கொடு என்று சொல்லலாமா என்றும் ஒரு எண்ணம்.

பதில்: கரையோரம்
அந்த இடத்தில்தான் குடும்பங்கள் உடைகின்றன ஐயா. கடனா, அன்பளிப்பா என்று இன்றே முடிவு செய்து எழுதிவிடுங்கள். மகள் வீட்டுக்கடன் வாங்கினால், திருப்பித் தர வேண்டாத பணம்தான் என்று வங்கியே உங்களிடம் கடிதம் கேட்கலாம், அப்போது ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் வேறொன்று பேசினால் சிக்கல். அவள் பங்கில் மருமகனுக்கும் உரிமை வரலாம், அது நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அப்புறம், மகளுக்கு இப்போது, மகனுக்குப் பிறகு என்றால் அதை உயிலில் சேர்த்து இருவருக்கும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை
சின்னத் தொகைக்கு இதெல்லாம் தேவையில்லை. பாதிச் சேமிப்பு என்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறோம். ஓய்வூதிய விவரம், மாதச் செலவு, காப்பீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிப்போங்கள். கணக்கை அவரும் நேரில் பார்க்கட்டும்.