ஹெரால்டு: மெக்கானிக் கைக்கு எடுக்கிறது, என் கைக்கு எடுக்க மாட்டேன் என்கிறது

நங்கநல்லூர் மருமகள்:

மாமனார் 1966-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். இரண்டு கதவு, 948 சிசி. ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்துப் புதுப்பித்து வாங்கியிருக்கிறோம். பெயின்ட், சீட், குரோமியம் எல்லாம் கண்ணைப் பறிக்கிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து அப்படியே நிறுத்திவைக்கலாம் என்கிறார்கள் வீட்டில். எனக்கு ஓட்ட வேண்டும்.

ஒரு வாரம் நின்றுவிட்டால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. மெக்கானிக் வந்து பானெட்டைத் தூக்கி, உள்ளே கையை விட்டு என்னவோ செய்கிறார், உடனே எடுத்துவிடுகிறது. கேட்டால் "அது கைப்பழக்கம்மா" என்று சிரிக்கிறார். மதிய வெயிலில் கிண்டி நெரிசலில் ஊர்ந்தால் தானாக அணைந்துவிடுகிறது, ஓரங்கட்டி நன்றாக ஆறிய பிறகுதான் மறுபடி உயிர் வருகிறது. அப்புறம், சிக்னலை நெருங்கி உருளும்போது ஃபர்ஸ்ட் கியர் போட்டால் கர்ரென்று அலறுகிறது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். பிரிக்கத்தான் வேண்டுமா?

ஓஎம்ஆர் ஓட்டி:

எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் ஒன்று, எலக்ட்ரானிக் இக்னிஷன் ஒன்று. இரண்டும் மாட்டிவிடுங்கள் மேடம், எல்லாத் தலைவலியும் போய்விடும். என் பிரீமியர் பத்மினி காருக்கு அதைத்தான் செய்தேன்.

பெரம்பூர் ஃபிட்டர்:

தம்பி சொல்வது தப்பில்லை, ஆனால் நோய் எதுவென்று தெரியாமல் மருந்து எதற்கு? ஹெரால்டு நம் ஊரில் தயாரான வண்டி. சென்னை வெயில் அதற்குப் புதிதல்ல.

அம்மா, மெக்கானிக் ஒளித்துவைத்திருக்கும் வித்தையைச் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றால், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். எஞ்சின் பக்கவாட்டில் ஏசி என்ற கம்பெனியின் பெட்ரோல் பம்ப் இருக்கிறது பாருங்கள், அதன் அடியில் ஒரு சின்ன லீவர். அதைக் கையால் மேலும் கீழும் அடித்தால் பெட்ரோல் ஏறும். கிண்ணம் நிறைந்ததும் லீவரின் இறுக்கம் தளர்ந்துவிடும். அவ்வளவுதான் கைப்பழக்கம்! முதல் அடியிலேயே லீவர் கனமில்லாமல் ஆடினால், உள்ளே பம்பை இயக்கும் சுழல்மேடு, அதாவது கேம், அதை ஏற்கெனவே தூக்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். செல்ஃபை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி அடியுங்கள்.

அடுத்து சோக், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு வேறு யாரையாவது சோக்கை இழுக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் வாயில் தகடு மூடினால், ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கலாம். தகடே இல்லையென்றால் அதில் தனி ஸ்டார்ட்டர் வழி இருக்கிறது. எஞ்சின் இழுக்கும் உறிஞ்சலில்தான் அது வேலை செய்யும். அங்கே காலை வைத்தால் உறிஞ்சல் போய்விடும், நாள் முழுக்கச் சுற்றினாலும் எடுக்காது. புதுக் கார் ஓட்டிப் பழகியவர்கள் பதற்றத்தில் மிதித்துக்கொண்டே இருப்பார்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு எஞ்சின் பிடித்த உடனேயே சோக்கை உள்ளே தள்ளிவிடலாம். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தால் பிளக் நனைந்துவிட்டது. சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை அடிவரை அமுக்கிப் பிடித்துச் சுற்றுங்கள்.

கிண்டியில் அணைவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். குழாயிலும் பம்பிலும் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி அடைத்திருக்கும், இல்லாவிட்டால் பிளக்குக்குப் பொறி தரும் காயிலோ கண்டென்சரோ சூட்டில் படுத்திருக்கும். நின்ற இடத்திலேயே பார்த்துவிடுங்கள், ஆறினால் தடயம் போய்விடும். பிளக் வயரைக் கழற்றி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, பெட்ரோல் சிந்தாத இடமாகப் பார்த்து இரும்பருகே காட்டுங்கள். பொறி நீலமாகப் பளீரென்று தாவினால் பெட்ரோல்தான் கோளாறு. ஈரத்துணியை பம்ப் மேலும் குழாய் மேலும் போடுங்கள். உடனே எடுத்தால் முடிந்தது கதை. குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி வளைத்து, பம்புக்கு அடியில் சூடு கடத்தாத பேக்கலைட் பேக்கிங் வைத்தால் போதும். பொறி மஞ்சளாக நோஞ்சானாக வந்தால் முதலில் கண்டென்சரை மாற்றுங்கள். இப்போது வரும் புதுக் கண்டென்சர்களை நான் நம்புவதில்லை. புதுப்பேட்டையில் பழைய ஸ்டாக் கிடைத்தால் இரண்டாக வாங்கி ஒன்றை டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவையுங்கள். கையோடு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கியர்பாக்ஸைத் தொடவே விடாதீர்கள். ஹெரால்டில் ஃபர்ஸ்டுக்கு சிங்க்ரோமெஷ், அதாவது கியர்களின் வேகத்தைச் சமன்செய்து சத்தமில்லாமல் கோக்கும் அமைப்பு, கிடையாது, 2, 3, 4-க்கு மட்டும்தான். உருளும்போது செகண்டிலேயே சமாளியுங்கள். வண்டி முழுக்க நின்ற பிறகு, கிளட்சை மிதித்து லீவரை செகண்ட் பக்கம் ஒரு கணம் தொட்டுவிட்டு ஃபர்ஸ்டுக்குக் கொண்டுபோனால் சத்தமே வராது. பிரித்து மாட்டினாலும் அதே சத்தம்தான் வரும், பில் மட்டும் புதிது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பயம். முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் பித்தளை ட்ரன்னியன் இருக்கிறது, ஸ்டீயரிங் திருப்பும்போது தண்டு மரையில் சுழலும் மூட்டு அது. அதற்கு 90 கியர் ஆயில்தான். பட்டறைகளில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்மரைக்கு இறங்காது. மரை காய்ந்து தேய்ந்து, ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். இதைக் கேட்காமல் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள்.

பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், சக்கரம் அச்சோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடும். கத்திப்பாரா வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடிந்து வண்டி துள்ளும். வேகத்தை நுழையும் முன்பே குறைத்துவிட்டு, வளைவில் காலைச் சீராக வைத்திருங்கள். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், புதுக் கார் மாதிரி சட்டென்று நிற்காது, முன்னால் இடைவெளி விடுங்கள். அதில் ஆட்டோ வந்து நுழையும், நுழையட்டும். மறுபடி விடுங்கள்.

மயிலை ராமபாணம்:

ஃபிட்டர் ஐயா பெட்ரோலை விட்டுவிட்டார். 2000 பிப்ரவரியிலிருந்து நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோலே இல்லை. வால்வு சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். எஞ்சின் ஹெட்டைப் பிரித்தபோது வால்வு சீட்டைக் கடினமான உலோகத்தில் மாற்றினார்களா என்று கேளுங்கள். இப்போதைய எத்தனால் கலவை பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் தின்றுவிடும், கடற்கரை ஈரப்பதத்தில் தண்ணீரையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்யுங்கள். பதிவு விஷயமும் ஒன்று: 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வி.ஏ. என்ற தனிப் பதிவெண் வரிசை வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. அதில் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. பழைய பதிவு உயிரோடு இருந்தால் அதையே காப்பாற்றிக்கொள்வது நல்லது என்பேன்.

நங்கநல்லூர் மருமகள்:

ஐயா, லீவர் கிடைத்தது! கார்புரேட்டர் வாயில் சோக் தகடு இல்லை. காலைத் தரையில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன், எடுத்துவிட்டது. சத்தம் கேட்டு மாமனார் வாசலுக்கே வந்துவிட்டார். செகண்டைத் தொடும் வித்தையும் பலித்தது. கிண்டி சோதனை இனிமேல்தான். ட்ரன்னியனில் கிரீஸா ஆயிலா என்று பட்டறையில் கேட்டால் "ஏதோ அடித்தோம்" என்கிறார்கள். நானே செய்ய முடியுமா?

பெரம்பூர் ஃபிட்டர்:

தாராளமாக. பானெட் முழுசாக முன்னால் மடிவதால் கை நேராகப் போகும். சமதளத்தில் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு முட்டுக் கொடுத்து, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ட்ரன்னியனில் ஆயில் அடிக்கும் வாயான நிப்பிள் இல்லாமல் ஒரு மூடி போல்ட் இருந்தால் அதைக் கழற்றி நிப்பிள் மாட்டுங்கள். காலியான கிரீஸ் கன்னைக் கழுவி 90 ஆயில் நிரப்பி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி, மேலே ஆயில் கசியும் வரை அடியுங்கள். முதலில் கறுப்பாக கிரீஸ் கட்டிகட்டியாக வந்தால் அடிப்பதை நிறுத்திவிட்டு, பிரித்துக் கழுவச் சொல்லுங்கள். அந்தச் செலவு மட்டும் பட்டறைக்காரர் தலையில்.