மூன்றாம் வரியில் நின்றுபோன பாட்டு

குழு: எங்கள் வீட்டு ஆட்கள்
ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா, 1:12
எல்லாரும் வீடு வந்து சேர்ந்தாச்சா? ஒன்று கேட்கணும். இன்றைக்கு ஆராதனையில் கடைசிப் பாட்டின் மூன்றாவது வரி வந்ததும் சபை அப்படியே நின்றுவிட்டது. கவனித்தீர்களா?

சித்தி, 1:15
கவனித்தேன் அத்தான்.

பெரியப்பா, 1:16
நானே நிறுத்திவிட்டேன். நாற்பது வருஷம் பேஸ் என்ற கீழ்க்குரலில் பாடிய தொண்டை இது. பக்கத்தில் அம்மா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை.

அத்தை, 1:18
ஆனால் நடுவில் பாடகர் குழு தனியாகப் பாடியது அருமை அண்ணே. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று மேலிருந்து கீழ் வரை நான்கு குரலும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியப்பா, 1:20
அருமைதான், யார் இல்லை என்றது? ஆனால் எண்ணிப் பார்த்தேன். இன்றைக்கு ஐந்து பாட்டு. மூன்றைப் பாடகர் குழு மட்டும் பாடியது. நான்காவது புதுசு, எங்களில் ஒருவருக்கும் மெட்டு தெரியாது. மிச்சம் கிடைத்த ஒரே பாட்டும் இப்படிப் போய்விட்டது. பாட வந்தவர்கள் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

சித்தி, 1:22
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தம்பி, 1:22
சித்தி, என்ன போட்டு அழித்தீர்கள்? 👀

சித்தி, 1:27
ஒன்றுமில்லை. மூன்று மாதமாக வாரம் இரண்டு நாள் பயிற்சி. டெனருக்கு இரண்டே பேர், அதில் ஒருவருக்கு இருமல். இத்தனைக்கும் அப்புறம் இதைக் கேட்கும்போது மனசு வலிக்கிறது அத்தான். அவ்வளவுதான்.

பெரியப்பா, 1:28
உன்னைச் சொல்லவில்லைம்மா.

சித்தி, 1:28
குழுவை நடத்துவது நான்தானே.

நான், 1:33
ஆல்டோ வரிசையில் நின்றால் சபையின் முகம் நேராகத் தெரியும். அதனால் சொல்கிறேன் சித்தி, கோபப்படாதீர்கள். முதல் இரண்டு வரியும் நல்ல சத்தம் வந்தது. மூன்றாவதில் முதலில் ஆண்கள் பக்கம் அடங்கியது, அப்புறம் பின்வரிசை. ஒருவர் புத்தகத்தை மூடி, விரலை மட்டும் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பவும் திறப்பார் என்று பார்த்தேன். திறக்கவில்லை.

சித்தி, 1:36
பாடுவதற்கென்றே ஆட்களை நியமித்தது வேதத்திலேயே இருக்கிறதே. 1 நாளாகமம் 25ஐ எடுத்துப் பாருங்கள். தேறின பாடகர்கள் 288 பேர்.

பெரியப்பா, 1:38
அதே வேதத்தில் மாற்கு 14:26ம் இருக்கிறது. கடைசி இராப்போஜனம் முடிந்து இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டு பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனார்கள். அங்கே பாடகர் குழு ஏது? இருந்த அத்தனை பேரும்தான் பாடியிருப்பார்கள்.

அண்ணன், 1:41
அப்பா, சித்தி, இந்தச் சண்டை நான்காம் நூற்றாண்டிலேயே நடந்தாச்சு. சபைத் தலைவர்கள் கூடிய லவோதிக்கேயா சங்கத்தின் 15ஆம் விதி: மேடையேறி ஏட்டைப் பார்த்துப் பாட நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர வேறு யாரும் சபையில் பாடக் கூடாது.

தம்பி, 1:41
சித்திக்கு ஒரு சங்கமே ஆதரவு 😂

அண்ணன், 1:46
முழுசாகக் கேள். அப்புறம் மேற்கில் வெகுகாலம் ஆராதனைப் பாட்டு பெரும்பாலும் குருமார், பாடகர் கையில்தான், அதுவும் லத்தீனில். 1524இல் ஜெர்மன் மொழியில் எட்டே பாட்டோடு ஒரு சின்னப் புத்தகம் வந்தது, அதில் நான்கு சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதியவை. ஜனங்கள் தங்கள் மொழியில் தாங்களே பாட வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்னொரு சீர்திருத்தவாதி கால்வின் அவரைவிடக் கண்டிப்பு. ஜெனீவாவில் ஆராதனையில் எல்லாருக்கும் ஒரே குரல், வாத்தியமும் கிடையாது. வேதத்தின் 150 சங்கீதமும் மெட்டோடு 1562இல் முழுதாக வந்துவிட்டது.

பெரியப்பா, 1:47
👍👍

சித்தி, 1:47
அப்படியானால் நான்கு குரலில் பாடுவதே தப்பா?

அண்ணன், 1:49
அதே சங்கீதங்களை வீட்டில் பாட நான்கு குரலில் அமைத்தும் அச்சிட்டார்கள் சித்தி 🙂 கத்தோலிக்கரின் 1963 வழிபாட்டு ஆவணத்தில் இரண்டும் ஒரே பத்தியில் வருகிறது. பாடகர் குழுக்களை வளர்க்க வேண்டும், ஜனங்கள் தங்கள் பங்கைப் பாடவும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அத்தை, 1:52
நீ வகுப்பு எடுத்தது போதும். இங்கே அம்மா ஒன்று சொல்கிறார்கள், அப்படியே எழுதுகிறேன். "ஏன் அவ்வளவு மேலே எடுத்தார்கள்? எனக்கு எட்டவில்லை. என் சின்ன வயசில் சபையில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. ஒருவர் ஒரு வரி சொல்லிக் கொடுப்பார், நாங்கள் அதைப் பாடுவோம். எட்டாத பாட்டை யாரும் எடுக்க மாட்டார்கள்."

அண்ணன், 1:54
ஆச்சி சொல்வது பழைய முறை. வாசிக்கத் தெரியாதவர்கள் அதிகமாக இருந்தால் இப்படி வரி வரியாகச் சொல்லிக் கொடுக்கலாம் என்று 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆராதனை விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தம்பி, 1:55
ஒரு நிமிஷம். அக்கா, நீ எடுத்த வீடியோவை அனுப்பு.

நான், 1:56
📹 வீடியோ

தம்பி, 2:21
ஒரு உண்மையைச் சொல்லணும். யாரும் திட்டக் கூடாது.

சித்தி, 2:21
சொல்.

தம்பி, 2:25
நாம் தனியாகப் பாடிய பாட்டுக்கு சோப்ரானோ பளிச்சென்று கேட்கட்டும் என்று கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை +2, அதாவது இரண்டு படி மேலே, வைத்தோம் இல்லையா? அதைத் திரும்ப 0க்குக் கொண்டுவரவே இல்லை. வீடியோவில் சுருதி பார்த்தேன். எஃப் சுருதியில் போக வேண்டிய கடைசிப் பாட்டு ஜி சுருதியில் போயிருக்கிறது. மூன்றாம் வரியில் மேல் டி ஸ்வரம் வருகிற இடம் ஈ ஆகிவிட்டது. சபை நின்றது சரியாக அந்த ஸ்வரத்தில்.

அத்தை, 2:26
அட பாவி 😂😂

பெரியப்பா, 2:27
ஒரு பட்டனுக்காகவா லவோதிக்கேயா வரைக்கும் போய் வந்தோம்?

சித்தி, 2:31
எனக்குக் கூடத் தெரியவில்லையே. நாங்கள் எல்லாரும் காலையிலேயே வந்து ஒரு மணி நேரம் தொண்டையைச் சூடாக்கிவிட்டு நின்றோம். எங்களுக்கு அந்த ஈ ஒரு பொருட்டாகவே இல்லை. சபை அப்போதுதான் தூக்கம் கலைந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை நான் யோசிக்கவே இல்லை அத்தான்.

பெரியப்பா, 2:34
விடும்மா. ஆனால் பட்டன் சரியாக இருந்தாலும் ஐந்தில் மூன்று என்பது கூடுதல்தான். அதை விட மாட்டேன்.
தம்பி, உனக்கும் ஒன்று. நீ வரிக்கும் வரிக்கும் நடுவில் இடமே விடுவதில்லை. பாடகர் குழுவில் ஒருவர் மூச்சு எடுக்கும்போது அடுத்தவர் பாடிக்கொண்டிருப்பார், வெளியே தெரியாது. சபை அப்படி இல்லை, வரி முடிந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சு எடுப்பார்கள். உன் விரலுக்கு மூச்சு வேண்டாம், எங்களுக்கு வேண்டும்.

தம்பி, 2:35
எவ்வளவு இடம் விடணும் பெரியப்பா?

பெரியப்பா, 2:36
கணக்கெல்லாம் வேண்டாம். வாசித்துக்கொண்டே நீயும் வாய்விட்டுப் பாடு. உனக்கு மூச்சு முட்டும் இடத்தில் கை தானாக நிற்கும்.

அண்ணன், 2:39
இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. 2013இல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆட்களைச் சேர்ந்து பாட வைத்து இதயத் துடிப்பை அளந்தார்கள். மூச்சு ஒன்றாகப் போகும்போது துடிப்பும் ஒன்றாகவே கூடிக் குறைந்தது.

தம்பி, 2:40
நான் எல்லாருடைய இதயத்தையும் குழப்பிவிட்டிருக்கிறேன் போல 😬

சித்தி, 2:48
சரி, அடுத்த வாரத்துக்கு இப்படிச் செய்யலாமா? பாடகர் குழு தனியாக ஒரே பாட்டு. மற்றதெல்லாம் சபையோடு. நான்கு குரலை மொத்தமாக விட எனக்கு மனசு வராது. அதனால் இரண்டாம் சரணத்தை மட்டும் நாங்கள் நான்கு குரலில் பாடுகிறோம், மற்ற சரணங்களை எல்லாரும் ஒரே குரலில். புதுப் பாட்டை ஆராதனைக்கு முன் ஐந்து நிமிஷம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மூன்று வாரம் அதையே திருப்பிப் பாடுவோம்.

நான், 2:50
கடைசிச் சரணத்தில் கீபோர்டை நிறுத்திவிட்டால்? சபைக்குத் தன் சத்தம் தனக்கே கேட்கும்.

சித்தி, 2:51
பயமாகத்தான் இருக்கிறது. சுருதி இறங்கிவிடும். சரி, பார்க்கலாம்.

பெரியப்பா, 2:52
அந்தச் சரணத்துக்கு உன் ஆட்கள் மேடையில் நிற்காமல் எங்கள் நடுவே வந்து நிற்கட்டும். பக்கத்தில் ஒருவர் தெளிவாகப் பாடினால் அவரைப் பிடித்துக்கொண்டே நான்கு பேர் பாடிவிடுவார்கள். அந்த இருமல் டெனரை என் பக்கம் அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

சித்தி, 2:54
அனுப்புகிறேன். ஆனால் நீங்களும் வியாழக்கிழமை பயிற்சிக்கு வரணும் அத்தான். பேஸில் ஆள் இல்லை.

சித்தி, 3:10
அத்தான்?

நான், 3:11
இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது சித்தி 😄

பெரியப்பா, 3:19
கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது. சின்ன எழுத்து தெரியாது.

சித்தி, 3:19
பெரிய எழுத்தில் அச்சடித்துத் தருகிறேன்.

பெரியப்பா, 3:23
சரி, வருகிறேன். ஏழு மணி என்றால் ஏழு மணிக்குத் தொடங்கணும்.

அத்தை, 3:30
🎤 குரல் செய்தி (0:24)
அம்மா. அந்த மூன்றாம் வரியைப் பாடிக் காட்டுகிறார்கள், கேளுங்கள்.

நான், 3:32
ஆச்சி இவ்வளவு சத்தமாகப் பாடுவார்களா!

தம்பி, 3:36
கீபோர்டில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆச்சி பாடுவது ஈ ஃபிளாட் சுருதி. நம் எஃப்பையும்விட இரண்டு படி கீழே.

சித்தி, 3:38
ஒரு தடவை சோப்ரானோவைப் பாட வைத்துப் பார்க்கணும். இரு.

சித்தி, 3:52
பாடிப் பார்த்தோம், நன்றாகவே இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஈ ஃபிளாட்டிலேயே வை.

தம்பி, 3:53
அப்படியானால் டிரான்ஸ்போஸ் -2. இப்போதே ஒரு தாளில் எழுதி கீபோர்டு மேல் ஒட்டுகிறேன்.