சாட்ஸ்வர்த் அரசுப் பள்ளி: கூரை சோலாரிலேயே மின்சார மினிபஸ்ஸுக்குச் சார்ஜ் ஏற்ற முடியுமா?

பள்ளிக்குழு_டர்பன்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழு சார்பில் கேட்கிறேன். 23 இருக்கை மின்சார மினிபஸ் வாங்கும் பேச்சு நடக்கிறது. பேட்டரி 80 யூனிட். காலை, பிற்பகல் நடை இரண்டும் சேர்த்து நாளுக்கு 70 கிலோமீட்டர். காலை எட்டிலிருந்து பிற்பகல் இரண்டு வரை வண்டி பள்ளி வளாகத்திலேயே நிற்கும். சோலார்காரர் தந்த விலைப்பட்டியல்: 550 வாட் பேனல் 55, 30 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர் (சோலார், பேட்டரி, கிரிட் மூன்றோடும் இணைவது), 40 யூனிட் லித்தியம் பேட்டரி, 22 கிலோவாட் சார்ஜர். கட்டடம் பழையது, நெளி சிமெண்ட் ஷீட் கூரை. கையெழுத்துப் போடுமுன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

வெயில்கணக்கு

வெயில் அடிக்கும் நேரமும் வண்டி சும்மா நிற்கும் நேரமும் ஒன்றாக அமைவது பள்ளி வண்டிக்குக் கிடைக்கும் பெரிய வசதி. அதை விட்டுவிடாதீர்கள்.

அந்த அளவு வண்டி, ஏசியோடு, கிலோமீட்டருக்கு 0.7 யூனிட் தின்னும் என்று வையுங்கள். 70 கிலோமீட்டருக்கு 49. சார்ஜ் ஏற்றும்போது போகும் இழப்பையும் சேர்த்தால் 55 யூனிட். 11 கிலோவாட் சார்ஜரில் ஐந்து மணி நேரம் போதும். 22 எதற்கு? உச்சி வெயிலிலும் உங்கள் பேனல்கள் 22 முதல் 24 கிலோவாட்தான் தரும். கணினி அறையும் அலுவலகமும் ஓடிக்கொண்டிருக்கையில் 22 கிலோவாட் சார்ஜர் மிச்சத்தைக் கிரிட்டிலிருந்துதான், அதாவது நகராட்சி இணைப்பிலிருந்துதான் இழுக்கும். உச்சத் தேவைக் கட்டணம் (ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்சக் கிலோவாட்டுக்கான கட்டணம்) உள்ள இணைப்பானால் மாத பில் எகிறும்.

டர்பனில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். 30 கிலோவாட்டுக்கு 120. ஆனால் இங்கே மழையும் மேகமும் கோடையில்தான். ஜூன், ஜூலையில் வானம் தெளிவாக இருக்கும். வடக்குப் பார்த்து 25 முதல் 30 டிகிரி சாய்த்தால் குளிர்கால வெயில் நன்றாகப் பிடிபடும். அடைமழை நாளில் வண்டிக்குக் கிரிட் வேண்டியே இருக்கும். 80 யூனிட் பேட்டரி ஒரு நாளை முழுதாகத் தாங்கும், மறுநாள் காலை நடையோடு தீர்ந்துவிடும்.

40 யூனிட் பேட்டரியிலிருந்து வண்டிக்கு ஏற்றவே கூடாது. இரண்டு முறை மாற்றுவதில் இழப்பு, அதோடு லோட் ஷெடிங் (முறை வைத்து வரும் மின்வெட்டு) வந்தால் வகுப்பறைக்கு ஒன்றும் மிஞ்சாது. சார்ஜரை இன்வெர்ட்டரின் பேக்கப் வெளியீட்டில் (மின்தடையிலும் ஓடும் பக்கம்) மாட்டாமல் கிரிட் பக்கம் மாட்டச் சொல்லுங்கள்.

கூரைவேலை

மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் கூரை. அந்தக் காலத்துப் பள்ளிகளின் நெளி ஷீட் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். சோதனைக்கூடத்தில் மாதிரி கொடுத்து உறுதி செய்யும்வரை ஒரு துளைகூடப் போட விடாதீர்கள், யாரையும் மேலே ஏற்றாதீர்கள். துளையிட்டால் இழைத்தூள் பறக்கும். கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் ஆஸ்பெஸ்டாஸ் ஒழிப்பு விதிகளின்படி, அகற்றும் வேலை பதிவுபெற்ற ஒப்பந்ததாரருக்குரியது. விலைப்பட்டியலில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அவர்கள் வந்து கூரையைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

வண்டி நிற்கும் இடத்திலேயே இரும்புக் கொட்டகை போட்டு அதன்மேல் பேனல் பதிப்பது நல்ல மாற்றுவழி. 55 பேனலுக்கு 140 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். காற்றழுத்தக் கணக்குக்குக் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்து வேண்டும். கடல் உப்புக்காற்று இருப்பதால் இரும்புக்கு ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கிய பூச்சு), போல்ட்டுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ். திருட்டுக்கு எதிராகத் இறுக்கியதும் தலை முறிந்து, பிறகு எளிதில் கழற்ற முடியாத நட்டு போடுங்கள்.

இன்னொன்று: 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, மாகாணக் கல்வி அமைச்சரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் நிர்வாகக் குழு கடன் வாங்க முடியாது. தவணைத் திட்டம் என்று எதை நீட்டினாலும் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

த்ரீஃபேஸ்

55 பேனல் என்பதே இடிக்கிறது. இந்த ரகப் பேனலின் திறந்த சுற்று வோல்ட்டேஜ் (சுமை எதுவும் இணைக்காதபோது வருவது) 50 அளவில் இருக்கும். 18 பேனலைத் தொடராக இணைத்தது ஒரு வரிசை என்றால் 900 வோல்ட், குளிர்ந்த காலையில் 950ஐத் தொடும். 1000 வோல்ட் இன்வெர்ட்டருக்கு அதுதான் எல்லை. மூன்று வரிசைக்கு 54. 55ஆவது எங்கே போகும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் யாரும் கணக்குப் போடவில்லை.

மின்தடையில் இன்வெர்ட்டர் தனியே ஓடும்போது நியூட்ரல் எர்த்தோடு இணையாமல் மிதந்தால், எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழவே விழாது. அடிக்கடி விடுபடுவது இதுதான். நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும் இணைப்பு ரிலே இருக்கிறதா என்று பார்த்து, கிரிட்டை அணைத்துவிட்டு உங்கள் முன்னாலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். சார்ஜருக்கு பி ரக எர்த் லீக்கேஜ், அல்லது 6 மில்லியாம்ப் டிசி (நேர் மின்னோட்டக்) கசிவை உணரும் வசதியோடு ஏ ரகம். சாதாரண ஏசி ரகம் (மாற்று மின்னோட்டக் கசிவை மட்டும் உணர்வது) டிசி கசிந்தால் குருடாகிவிடும்.

வெயிலுக்கு ஏற்பச் சார்ஜர் கூடிக் குறைய, மெயின் இணைப்பில் கரண்ட் அளவி வேண்டும். த்ரீ ஃபேஸில் குறைந்தபட்சம் ஃபேஸுக்கு 6 ஆம்ப், அதாவது 4.1 கிலோவாட். அதற்குக் கீழே போனால் சார்ஜர் நின்றுவிடும். பழுதென்று பயப்பட வேண்டாம்.

வண்டிக்காரரிடம் ஒரே கேள்வி: உள்ளே த்ரீ ஃபேஸ் ஏசி சார்ஜர் உண்டா, டைப் 2 (ஐரோப்பியத் தர) சாக்கெட்டா? சில சீன மினிபஸ்கள் டிசி மட்டுமே ஏற்கும், அதுவும் சீனத் தரச் சாக்கெட்டில். அப்படியானால் 11 கிலோவாட் சார்ஜரால் பயனில்லை.

கடைசித் தவணை கொடுக்குமுன் சான்ஸ் 10142-1 (வயரிங் தரம்) இணக்கச் சான்றிதழ், இன்வெர்ட்டருக்கு என்ஆர்எஸ் 097-2-1 (கிரிட்டோடு இணையும் தரம்) சான்று, இத்தேக்வினி (டர்பன்) நகராட்சிப் பதிவு, மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

பள்ளிக்குழு_டர்பன்

மிக்க நன்றி. விடுமுறையில் வண்டியும் ஓடாது, பள்ளியும் இல்லை. அந்த மின்சாரம்?

வெயில்கணக்கு

பள்ளி நடப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள். மிச்ச நாளில் நகராட்சியோடு ஏற்றுமதி ஒப்பந்தமும் (மிஞ்சும் மின்சாரத்தைக் கிரிட்டுக்குத் தர) இருவழி மீட்டரும் இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவும் வீண். ஆகவே ஒப்பந்தம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். கிடைக்காதென்றால் 36 பேனலோடு தொடங்குங்கள், இரண்டு வரிசை. நாளுக்கு 80 யூனிட். வண்டிக்குப் போக 25 மிஞ்சும். இன்வெர்ட்டர் 30ஆகவே இருக்கட்டும், மூன்றாம் வரிசையைப் பிறகு சேர்க்கலாம்.

டிசம்பர் விடுமுறைக்கு வண்டியை 50 சதவீதத்தில் நிறுத்தி, 12 வோல்ட் பேட்டரிக்குத் தனிச் சார்ஜர் மாட்டுங்கள். பள்ளி நாட்களில் 90 சதவீதத்தோடு நிறுத்துங்கள்: சாட்ஸ்வர்த் மேடுபள்ளம். முழுதாக நிரம்பிய பேட்டரியோடு சரிவில் இறங்கினால், பிரேக்கிலிருந்து மின்சாரத்தைத் திரும்ப வாங்க இடம் இருக்காது. எல்லாச் சுமையும் பிரேக் பேடுக்குத்தான்.